சக்கரவர்த்திக்கு முடிசூட்டுபவர் யார்?



சரித்திரத்தில் சக்கரவர்த்திகள் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டவன், திக்விஜயங்களையும் ரத்தினம் இழைத்த சிம்மாசனங்களையும் வரிசையாக வருணித்துக்கொண்டு போவானென்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் அதில் நியாயமுண்டு. ஆயினும் அவ்வருணனைகள் பாடப் புத்தகங்களிலேயே வேண்டிய மட்டும் கிடைக்குமாதலால் அவற்றை விடுத்து, எவ்வளவு பெரிய சக்கரவர்த்தியையும் பட்டாபிஷேக நாளன்று சங்கடத்தில் ஆழ்த்திய ஒரு சிறிய கேள்வியையே இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அவன் தலையில் மகுடத்தை வைப்பது யார் என்பதே அக்கேள்வி.

ஜமீன்தாருக்குப் பட்டம் கட்ட அரசன் இருக்கிறான்; சிற்றரசனுக்குப் பட்டம் கட்டப் பேரரசன் இருக்கிறான்; தனக்கு மேலே மானிடர் எவருமில்லை என்று உரிமை கொண்டாடுபவனுக்கோ மேலிருந்து எடுத்துக் கொடுக்க ஆளில்லை. கீழே இருப்பவன் கொடுப்பானாயின், கொடுத்த கை ஒருநாள் திரும்பப் பெறவும் நீளக்கூடும் என்ற பயம். தானே எடுத்துச் சூடிக்கொள்வானாயின், அண்டை நாட்டானும் நாளை அவ்விதமே செய்யலாமே என்ற பயம். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு அரசர்களும், அவர்களைச் சூழ்ந்திருந்த புரோகிதர்களும், மந்திரிகளும், படைத்தலைவர்களும் ஈராயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்த யுக்திகளைத் தொகுத்தாலே சக்கரவர்த்திகளின் சரித்திரத்தில் பாதி வந்துவிடும் என்பது என் எண்ணம்.

நம் நாட்டார் கண்ட வழி எளியது. ராஜசூயம், அசுவமேதம் ஆகிய வேள்விகளில் மந்திரம் சொல்ல வேதியர் இருந்தாராயினும், பட்டத்துக்குச் சாட்சி கூறியவர்கள் தோற்றுப்போன மன்னர்களே. அவிழ்த்து விடப்பட்ட குதிரை ஓராண்டுக் காலம் பிறர் நாடுகளில் உலவி ஊர் திரும்புமானால், அதைப் பிடித்துக் கட்டத் துணியாத ஒவ்வோர் அரசனும் வாய் திறவாமலே சம்மதம் தந்தவனாகிறான். கி.பி. நான்காம் நூற்றாண்டில் அசுவமேதம் செய்து அதற்கென நாணயமும் வெளியிட்ட சமுத்திரகுப்தனுடைய புகழை ஹரிசேணன் பாட, அது அலகாபாத்தில் உள்ள கற்றூணில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்பிரசஸ்தியில் காஞ்சி விஷ்ணுகோபன் முதலாகப் பணிந்த மன்னர்களின் பெயர்கள் எத்துணை சிரத்தையோடு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காண்பவர்கள், பட்டம் எங்கிருந்து வந்தது என்பதை உடனே உணர்ந்துகொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தூண் சமுத்திரகுப்தன் நாட்டியதன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அசோகனுடைய சாசனங்களைத் தாங்கி நின்ற தூண் அது. காந்தாரத்துக்கு அப்பாலிருந்து கன்னட நாடு வரையில் தன் ஆணையைக் கல்லில் வெட்டிவைத்த அந்த மௌரியன், தேவர்களுக்குப் பிரியமானவன் என்றும் அன்பு நோக்குடையவன் என்றும் தன்னை அழைத்துக்கொண்டானேயன்றி, பதவியைக் குறிக்குமிடத்தில் வெறும் ராஜா என்பதற்கு மேல் ஒரு சொல் கூட்டிக்கொள்ளவில்லை. அவனைவிடச் சிறிய நிலப்பரப்பை ஆண்டவனுடைய மகாராஜாதிராஜப் பட்டம் அவனுடைய தூணிலேயே இடம் தேடி ஒண்டிக்கொண்டிருக்கிறது.

தமிழகத்திலும் இதே நாடகம் நடந்தது. முடிவுதான் சற்றுப் பரிதாபமானது. 1070-இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனுக்குப் பின்னர், சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்று தொடங்குவது வழக்கமாயிற்று. கடல் கடந்து கடாரத்தைத் தாக்கிய முதல் ராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்திகளில் ஊர்ப் பெயர்களும் நாட்டுப் பெயர்களும் நிறைந்திருக்க, அவனுக்குப் பின் வந்தோர் மூவுலகையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்து, சோழர் மண்ணிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, பிறகு கருணை கூர்ந்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' சுந்தரபாண்டியன் என்று தன் கல்வெட்டுகளில் எழுதவும் செய்தான். மூவுலகச் சக்கரவர்த்தி ஒருவன் பாண்டியன் கையிலிருந்து தன் முடியைத் தானமாகப் பெற்றான் என்று இதற்குப் பொருள். அத்துடன் நின்றதா? 1231-ஐ ஒட்டி மூன்றாம் ராஜராஜனைக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசளன் வீரநரசிம்மன் தன் தண்டநாயகர்களை அனுப்பி அவனை விடுவித்த வரலாற்றைக் கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. சொல்லுகையில் ஆட்சி ஆண்டைக் குறிப்பது யாருடைய பெயரால் என்றால், சிறையிலிருந்த அதே திரிபுவனச் சக்கரவர்த்தியின் பெயரால்தான். மீட்டுக் கொடுத்த போசளன் சோழ ராஜ்யத்தை நிலைநாட்டிய ஆசாரியன் என்று விருது சூடிக்கொண்டான். சிறை வைத்த காடவனோ, மூன்று உலகங்கள் தனக்குப் போதாவென்று கருதினான் போலும், 'சகலபுவனச் சக்கரவர்த்திகள்' என்றே பட்டம் பூண்டான். கொடுப்பதற்கு ஒருவன், பறிப்பதற்கு ஒருவன், மீட்டுத் தருவதற்கு ஒருவன் என்று மூவர் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பட்டத்தைத் தாங்கியவன் நிலையை எண்ணினால் நகைப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை.

இனி ரோமாபுரிக்குச் செல்வோம். ஐரோப்பாவில் சக்கரவர்த்திப் பதவி என்று பின்னாளில் வழங்கிய ஒவ்வொன்றும் அந்த ஊரின் மண்ணில் முளைத்ததே. ஜூலியஸ் சீஸர் கி.மு. 44-இல் மூத்தோர் சபையின் நடுவே குத்துண்டு மாண்டதற்குக் காரணம் அவன் முடிசூட ஆசைப்படுகிறான் என்ற சந்தேகமே என்பதை நன்குணர்ந்த அவனுடைய சுவீகார புத்திரன், அதிகாரம் முழுவதையும் கைக்கொண்ட பின்னரும் மகுடத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. எதிரிகள் எல்லோரும் ஒழிந்து, எகிப்தின் செல்வம் கைக்கு வந்து, படைகள் யாவும் தன் சொல்லுக்குக் காத்திருந்த வேளையில், கி.மு. 27-இல் அவன் சபைக்கு வந்து குடியரசைக் குடியரசிடமே ஒப்படைப்பதாக அறிவித்தான். நடுக்கமோ நன்றியோ மேலிட்ட சபையினர் மன்றாடி அவனுக்கு மாகாணங்களையும் படைகளையும் அளித்து, அகஸ்டஸ் என்ற திருநாமத்தையும் சூட்டினர். அவன் தன்னை முதற் குடிமகன் என்றே சொல்லிக்கொண்டான். தன்னுடன் பதவி வகித்தவர்களைவிடத் தனக்கு அதிகாரம் மிகுதியாக இருந்ததில்லை, மதிப்பு மட்டுமே மிகுந்திருந்தது என்று முதுமையில் தன் வரலாற்றை எழுதுவித்தபோது, அதைப் படித்துச் சிரிக்கக்கூடியவர்கள் அநேகமாக மாண்டு போயிருந்தார்கள்.

அகஸ்டஸின் சாமர்த்தியத்தில் ஒரு குறை இருந்தது. சபை கொடுத்தது என்பது பாவனை. படை கொடுத்தது என்பதே உண்மை. அவன் வாழ்நாளில் மறைந்திருந்த இந்த ரகசியம் கி.பி. 69-இல் வெட்டவெளிச்சமாயிற்று. ஓராண்டுக்குள் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பேசியன் என நான்கு சக்கரவர்த்திகள்; ரைன் நதிக்கரைப் படைகள் ஒருவனைக் கூவி அழைத்தன, அலெக்ஸாந்திரியாவில் இருந்த படை மற்றொருவனைக் கூவி அழைத்தது. வென்ற வெஸ்பேசியனுக்குச் சபை இன்னின்ன அதிகாரங்களை வழங்குகிறது என்று வரையறுத்த சட்டத்தின் ஒரு பகுதி வெண்கலத் தகட்டில் இன்றும் ரோமாபுரியில் இருக்கிறது. வென்றவனுக்கு அதிகாரம் வந்த பிறகு அதை வழங்குவதாக எழுதிய சாசனம் அது. எழுதியவர்கள் அதிலுள்ள பரிகாசத்தை அறியாதவர்கள் என்று நான் நம்பவில்லை.

193-ஆம் ஆண்டில் நடந்த சம்பவம் இன்னும் விசேஷமானது. சிக்கனக்காரனான பெர்ட்டினாக்ஸைக் கொன்ற மெய்காவற் படையினர், பேரரசையே ஏலத்துக்கு விட்டார்கள். பாசறை மதிலுக்கு உள்ளே நின்று ஒருவன் விலை கேட்க, வெளியே நின்று மற்றொருவன் விலை கேட்க, படைவீரன் ஒருவனுக்கு இருபதினாயிரம் ஸெஸ்டர்ஸ் என்றிருந்த கேள்வியை ஒரே தாவலில் இருபத்தையாயிரமாக உயர்த்திய டிடியஸ் ஜூலியானஸ் என்ற செல்வச் சீமானுக்கு உலகம் விற்பனையாயிற்று. வாங்கிய பொருளை அவனால் 66 நாட்களே வைத்திருக்க முடிந்தது. டான்யூப் நதிப்பக்கத்துப் படைகளால் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்டு விரைந்து வந்த செப்டிமியஸ் செவெரஸ், அவன் கொல்லப்பட்ட பிறகு முதலில் செய்த காரியம், விற்றவர்களாகிய மெய்காவலர்களை ஆயுதம் பறித்து ஊரைவிட்டு ஓட்டியதுதான். ஆனால் தன்னை ஏற்றிவைத்த படைகளுக்கு ஊதியத்தை உயர்த்த அவன் மறக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஐம்பது ஆண்டுகளுக்குள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் அப்பதவியில் ஏறி, பெரும்பாலும் ஏற்றிவிட்டவர்களின் வாளாலேயே இறங்கினார்கள் என்றால் அது வியப்பன்று. 284-இல் வந்த டயோக்ளீஷியன் படைவீரனின் கைக்கு எட்டாத உயரத்தில் சிங்காதனத்தைத் தூக்கி வைக்கப் பார்த்தான். முத்துப் பதித்த ஆடை, தரையில் வீழ்ந்து வணங்கும் முறை, தெய்வத் தொடர்பு எல்லாம் புகுந்தன. இருபது ஆண்டு ஆண்டபின் 305-இல் தானே விலகித் தன் பிறந்த நாட்டுக் கடற்கரை மாளிகையில் காய்கறித் தோட்டம் போட்ட அவனை, அப்பதவியின் உண்மையான விலையை அறிந்த ஒரே ரோமன் என்று சொல்லத் தோன்றுகிறது.

மேற்கே 476-இல் அப்பதவி மறைந்த விதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறுவன் ரோமுலஸை விலக்கிய ஜெர்மானியத் தலைவன் ஒடோவாக்கர், இத்தாலி முழுவதும் தன் காலடியில் கிடந்தும் தானே சக்கரவர்த்தியாக முனையவில்லை. அரச சின்னங்களை மூட்டை கட்டிக் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த ஜீனோவுக்கு அனுப்பிவைத்தான். பட்டத்தைத் தனக்குத் தருபவர் எவருமில்லை என்பதையும், தருபவர் இல்லாத பட்டம் தொல்லையே என்பதையும் அந்தப் படைவீரன் அறிந்திருந்தான்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, தருவதற்கு ஒருவர் முன்வந்தார். 799-இல் போப் மூன்றாம் லியோவை அவருடைய ரோமாபுரிப் பகைவர்களே வீதியில் மறித்துத் தாக்க, அவர் தப்பி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிராங்கியர்களின் அரசனாகிய சார்லமேனிடம் அடைக்கலம் புகுந்தார். கிழக்கே கான்ஸ்டாண்டிநோபிளிலோ, பெற்ற மகனின் கண்களைப் பறித்துவிட்டு ஐரீன் என்னும் ராஜமாதா தானே சிங்காதனத்தில் அமர்ந்திருந்தாள். பெண் அமர்ந்த ஆசனம் காலியான ஆசனமே என்று மேற்கே இருந்தவர்கள் தங்களுக்கு வசதியாக வாதித்தனர். 800-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, புனித பேதுருவின் ஆலயத்தில் பிரார்த்தனை முடித்து எழுந்த சார்லமேனின் தலையில், மறுவாழ்வு பெற்ற லியோ மகுடத்தை வைக்க, கூடியிருந்த ரோமானியர் சக்கரவர்த்தி என்று ஆர்ப்பரித்தனர். அன்று நடக்கப்போவது தெரிந்திருந்தால், பெருநாளாக இருந்தும் ஆலயத்துக்குள் காலெடுத்து வைத்திருக்கமாட்டேன் என்று அரசன் சொன்னதாக அவனை நன்கறிந்த ஐன்ஹார்ட் எழுதிவைத்திருக்கிறான். இக்கூற்றைப் பணிவென்று கொள்வோரும், வெறும் பாசாங்கென்று தள்ளுவோரும் உண்டு. என் வரையில், அவன் வெறுத்தது பட்டத்தையன்று, பட்டம் வந்த கையைத்தான் என்றே கருதுகிறேன். முந்தின ஆண்டு தன்னிடம் உயிர்ப்பிச்சை கேட்டு நின்றவர் இந்த ஆண்டு தனக்கு உலகையே வழங்குபவராக நிற்கிறார்! அவனுடைய மனம் எப்படி ஓடிற்று என்பதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து ஆதாரம் கிடைக்கிறது. 813-இல் தன் மகன் லூயியைச் சக்கரவர்த்தியாக்கிய வைபவத்தை அவன் ரோமாபுரியில் நடத்தவில்லை. ஆஹென் நகரில், தன் சொந்த ஆலயத்தில், போப்பாண்டவர் இல்லாமலே நடத்தினான். தந்தை மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போப் நான்காம் ஸ்டீபன், கான்ஸ்டன்டைனுடையது என்று சொல்லப்பட்ட ஒரு மகுடத்தைத் தாமே சுமந்துகொண்டு ரீம்ஸ் நகருக்குப் போய் லூயிக்கு மறுபடியும் சூட்டினார். ஏற்கெனவே சூடியிருந்த தலைக்கு இன்னொரு முடி எதற்கு என்று அந்தச் சாது மகன் கேட்கவில்லை. தந்தை அரும்பாடுபட்டு மூடிய கதவு அன்றே திறந்துவிட்டது.

அதன்பின் எழுநூறு ஆண்டுகளாக ஜெர்மானிய அரசர்கள் படையோடும் பரிவாரத்தோடும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமாபுரிக்கு நடந்ததெல்லாம் அந்தக் கதவின் பொருட்டே. 1155-இல் முதலாம் பிரெடெரிக் சூத்ரி என்னும் ஊரில் போப் நான்காம் ஏட்ரியனைச் சந்தித்தபோது, குருவின் குதிரையைப் பிடித்து நடத்தி, அவர் இறங்கும்போது அங்கவடியைத் தாங்க வேண்டும் என்ற சம்பிரதாயத்துக்கு இணங்க மறுத்தான். அவ்வளவுதான், போப்பாண்டவர் சமாதான முத்தம் தர மறுத்தார். முதிய பிரபுக்கள் முன்னாளில் இவ்வாறு நடந்ததுண்டு என்று சாட்சி சொல்ல, செந்தாடி வேந்தன் கடைசியில் குதிரைக்காரன் வேலை பார்த்தே மகுடம் பெற்றான். குதிரையைப் பிடிப்பவன் யார், அதன்மேல் அமர்பவன் யார் என்ற இவ்வழக்குக்காக அடுத்த நூறு ஆண்டு இத்தாலியில் சிந்திய ரத்தம் கொஞ்சமன்று. 1508-இல் ரோமாபுரிக்குப் போக வழி கிடைக்காத மாக்ஸிமிலியன், தேர்ந்தெடுக்கப்பட்ட சக்கரவர்த்தி என்ற பெயரைப் போப்பாண்டவரின் சம்மதத்துடன் வைத்துக்கொண்டான். 1530-இல் ஐந்தாம் சார்லஸ் பொலோனாவில் முடிசூடியதே போப் ஒருவர் நடத்திய கடைசிப் பட்டாபிஷேகம். பிறகு தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பிரபுக்களின் பேராசையே பட்டத்தின் விலையை நிர்ணயித்தது.

சீன தேசத்தார் இந்தக் கேள்விக்குச் சொன்ன விடை வேறு. கி.மு. 221-இல் ஆறு நாடுகளையும் விழுங்கிய சின் நாட்டரசன், புதியதொரு பட்டத்தைத் தானே நிர்மாணித்துத் தானே தரித்தான். நான் முதலாமவன், எனக்குப் பின் இரண்டாமவன், மூன்றாமவன் என்று பதினாயிரம் தலைமுறை எண்ணிக்கொண்டு போகட்டும் என்று ஆணையிட்டான். இறந்த அரசனுக்கு அவன் நடத்தையை மதிப்பிட்டுப் பெயர் சூட்டும் பழைய வழக்கத்தையும் ரத்து செய்தான். மகன் தந்தையையும், குடிகள் அரசனையும் விமரிசிப்பது தகாது என்பது அவன் கூறிய காரணம். எவனொருவனும் கொடாத பட்டத்தை எவனொருவனும் மதிப்பிடவும் கூடாது என்பதில் தர்க்கம் பழுதின்றி இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை இரண்டைத் தாண்டுவதற்குள் வமிசம் குலைந்துபோயிற்று. பின்வந்தோர் பழைய கொள்கைக்கே திரும்பினார்கள்: கொடுப்பது வானம். வானத்தின் ஆணை தகுதியுடையவனுக்கு வரும், தகுதி கெட்டவனை விட்டு நீங்கும். நீங்கிற்றா இல்லையா என்பதை வெள்ளமும் வறட்சியும் கலகமும் காட்டும். இக்கொள்கையால்தான் கிராமக் காவல் உத்தியோகம் பார்த்த ஒருவன் ஹான் வமிசத்தை நிறுவவும், அநாதையாய்த் திரிந்து பிச்சையெடுத்த ஒரு பௌத்தத் துறவி 1368-இல் மிங் வமிசத்தை நிறுவவும் கூடிற்று. ஒவ்வோர் ஆண்டும் தக்ஷிணாயனம் முடியும் நாளில் பீகிங் நகரத்து வானமேடையில் உலகின் பெருஞ் சக்கரவர்த்தி மண்டியிட்டுத் தலை தாழ்த்தியதும் அதனாலேயே. நாட்டில் மழை பொய்த்தால் குற்றம் என்னுடையதே என்று சக்கரவர்த்தி பிரகடனம் வெளியிடுவான். ஐரோப்பியர் இதை மூடபக்தி என்றனர். மழைக்குக்கூடப் பொறுப்பேற்ற அரசனைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

1912 பிப்ரவரி 12-ஆம் தேதி, ஆறு வயதுக் குழந்தையாகிய பூயியின் பெயரால் ராஜமாதா வெளியிட்ட துறவுப் பிரகடனம், மக்களின் மனம் சாய்ந்த திக்கைக்கொண்டு வானத்தின் ஆணையை அறியலாம் என்று காரணம் காட்டிற்று. ஈராயிரம் ஆண்டுக்கும் மேலான பழமையுடைய கொள்கை தன்னைத்தானே முடித்துக்கொண்ட வாசகம் அது. மூன்று ஆண்டு கழித்து, குடியரசுத் தலைவனாயிருந்த யுவான் ஷீகாய் தானே சக்கரவர்த்தியாக விரும்பி ஒரு பிரதிநிதி சபையைக் கூட்ட, 1,993 பிரதிநிதிகளும் ஒருவர் தவறாமல் ஆம் என்று வாக்களித்தனர். ஒருவரேனும் இல்லையென்று சொல்லியிருந்தால் அந்த வாக்கெடுப்பை யாராவது நம்பியிருப்பார்கள். மாகாணங்கள் கிளர்ந்தெழ, 83 நாட்களில் பட்டம் கைவிடப்பட்டது.

சபையைத் தானே படைத்து, தான் படைத்த சபையிடமிருந்து பட்டம் பெறும் இவ்வித்தைக்கு யுவானுக்கு முன்னோடிகள் உண்டு. ருஷ்யாவின் பீட்டர் 1711-இல் செனட் சபையை ஏற்படுத்தினான். ஸ்வீடன் யுத்தம் வெற்றியோடு முடிந்த 1721-இல் அதே செனட் அவனைச் சக்கரவர்த்திப் பட்டம் ஏற்குமாறு வேண்டிக்கொண்டது. பிரான்ஸில் 1804 மே மாதம் செனட்டின் தீர்மானத்தால் சக்கரவர்த்தியான நெப்போலியன் அதனோடு திருப்தி அடையவில்லை. பொதுஜன வாக்கெடுப்பு நடத்தி, ஆதரவாக முப்பத்தைந்து லக்ஷத்துக்கு மேலும் எதிராக இரண்டாயிரத்துச் சொச்சமும் என்று கணக்குக் காட்டினான். அதுவும் போதாமல், சார்லமேனின் வாரிசு நானே என்று காட்டுவதற்காகப் போப் ஏழாம் பயஸைப் பாரிஸுக்கு வரவழைத்தான். டிசம்பர் 2-ஆம் தேதி நோத்ர தாம் ஆலயத்தில், போப்பாண்டவர் எண்ணெய் பூசி ஆசி கூறியபின், மகுடத்தைத் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். திடீரென்று பிடுங்கிக்கொண்டான் என்று கதைகள் கூறும். முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடுதான் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சார்லமேன் செய்திருக்க வேண்டியதைச் செய்துவிட்டதாக அவன் எண்ணியிருக்கலாம். டேவிட் என்னும் ஓவியன் அவ்வைபவத்தைத் தீட்டிய பெரிய சித்திரத்தில், சக்கரவர்த்தி தன் மனைவி ஜோஸபினுக்கு முடிசூட்டும் காட்சியே இடம்பெற்றது. நடு மாடத்தில் தாயார் லெட்டீஸியா பெருமிதத்தோடு அமர்ந்திருக்கிறார். உண்மையில் அந்த அம்மாள் மகனுடன் மனஸ்தாபப்பட்டு ரோமாபுரியில் இருந்துவிட்டார். மகனுடைய கட்டளையின்பேரில் சித்திரத்தில் மட்டும் வந்து அமர்ந்தார். டில்லிக்கு ராஜாவானாலும் தல்லிக்குப் பிள்ளை என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். அந்தத் தல்லி வராத குறையைத் தூரிகைதான் தீர்த்தது. பாரிஸ் வைபவத்துக்கு இரண்டு மாதம் முன்பே, பிரெஞ்சுப் படையை முறியடித்து விடுதலை பெற்ற ஹெய்ட்டித் தீவில், அடிமையாய்ப் பிறந்த டெஸலின் சக்கரவர்த்தியாக முடிசூடியதை ஐரோப்பா கேட்டுச் சிரித்தது. பாரிஸில் நடந்ததைக் கண்டு சிரிக்க அதற்குத் துணிவில்லை.

ஜெர்மனியில் நடந்ததோ இதனினும் நுணுக்கமானது. 1849-இல் பிராங்க்பர்ட்டில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் பிரஷ்ய அரசன் நான்காம் பிரெடெரிக் வில்லியமுக்குச் சக்கரவர்த்தி மகுடத்தை நீட்டியபோது, குடிகள் கொடுக்கும் மகுடம் சேற்றால் செய்தது என்று அந்தரங்கமாக இகழ்ந்து அவன் மறுத்துவிட்டான். கொடுப்பவர் அரசராயிருக்க வேண்டும் என்ற இந்த வமிசப் பிடிவாதத்தை நன்கறிந்த பிரஷ்ய மந்திரி பிஸ்மார்க், 1870-இல் வேறு விதமாய்க் காரியம் பார்த்தான். பவேரியா மன்னன் லூட்விக், பிரஷ்ய மன்னன் முதலாம் வில்லியமைச் சக்கரவர்த்தியாகுமாறு வேண்டும் கடிதம் ஒன்றை எழுதினான்; அக்கடிதத்தின் வரைவைத் தயாரித்து அனுப்பியவன் பிஸ்மார்க், கடன்பட்டிருந்த லூட்விக்குக் கைம்மாறாக ரகசியமாய்ப் பணம் அனுப்பியவனும் பிஸ்மார்க். 1871 ஜனவரி 18-ஆம் தேதி வெர்ஸேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் பிரகடனம் வாசிக்கப்பட்ட நாளன்றும் பட்டத்தின் சரியான வாசகத்தைப்பற்றி முதலாம் வில்லியமுக்கும் மந்திரிக்கும் சச்சரவு தீரவில்லை. பேடன் பிரபு இருவர் கோரிய வாசகத்திலும் சேராமல் 'சக்கரவர்த்தி வில்லியம் வாழ்க' என்று கூவிச் சமாளித்தான். மேடையிலிருந்து இறங்கிய புதிய சக்கரவர்த்தி, தன்னைச் சக்கரவர்த்தியாக்கிய மந்திரியைப் பாராதவன்போல் கடந்துபோய் மற்றவர்களுக்குக் கை கொடுத்தான்.

நம் நாட்டுக்குத் திரும்புகிறேன். 1765-இல் மொகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீஹார், ஒரிஸ்ஸா ஆகிய மாகாணங்களின் திவான் பதவியை அலகாபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினான். ஆண்டுக்கு இருபத்தாறு லக்ஷம் ரூபாய் கப்பம் என்பது பேச்சு. சில ஆண்டுகளில் கம்பெனி அதையும் நிறுத்திக்கொண்டது. 1788-இல் ரோஹில்லா குலாம் காதிர் அந்த முதியவனின் கண்களைப் பறித்தான். ஊரும் இல்லை, படையும் இல்லை, பார்வையும் இல்லை. ஆயினும் பட்டம் வழங்கும் தகுதி அவனிடமே இருந்தது என்பதை அந்நாளில் மராத்தியரும் மறுக்கவில்லை, ஆங்கிலேயரும் மறுக்கவில்லை. வங்காளத்தில் கம்பெனி அடித்த ரூபாய்களில் அவன் பெயரே இருந்தது. 1806-இல் அவன் இறந்த பின்னும் 1835 வரையில் அப்பெயர் நீங்கவில்லை. சென்னைத் தங்கசாலையில் அடித்த ஆற்காட்டு ரூபாயிலோ, 1759-இலேயே கொலையுண்ட இரண்டாம் ஆலம்கீரின் பெயர் அடுத்த நூற்றாண்டிலும் பொறிக்கப்பட்டு வந்தது. இறந்துபோன சக்கரவர்த்தியின் பெயரில்லாவிட்டால் சந்தையில் நாணயம் செல்லாது என்று வியாபாரிகளாகிய அவர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள். 1858-இல் செங்கோட்டையில், தன் முன்னோர் கொலுவீற்றிருந்த மண்டபத்திலேயே, கடைசி மொகலாயனாகிய பகதூர் ஷா குற்றவாளியாக நிறுத்தப்பட்டான். ஆங்கில அரசாங்கத்தின் பிரஜையாக இருந்துகொண்டே தன்னை அரசனென்று அறிவித்துக்கொண்டான் என்பது சாட்டிய குற்றங்களில் ஒன்று. திவான் எஜமானனை விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினான்.

காலியான அவ்விடத்துக்கு விக்டோரியா மகாராணியாரை ஏற்றும் பட்டச் சட்டம் 1876-இல் பார்லிமெண்டில் வந்தபோது, அந்தப் பட்டத்தில் அந்நிய சர்வாதிகார வாடை வீசுகிறதென்று எதிர்க்கட்சியார் முகம் சுளித்தனர்; இந்தியாவைப் பொறுத்த அளவில்தான் அது வழங்கும் என்று பிரதமர் டிஸ்ரேலி சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, இந்தியாவின் சக்கரவர்த்தினிக்குப் பட்டம் கொடுத்தது இந்தியர் ஒருவரும் அமராத சபை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு நடத்திய தர்பாரில் மன்னர்கள் குழுமியிருந்தார்கள், மகாராணியார் வரவில்லை. அதே நாட்களில் சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் வீதியோரங்களில் மடிந்துகொண்டிருக்க, டில்லியில் நடந்த விருந்தையும் வாண வேடிக்கையையும் வருணிக்க எனக்கு விருப்பமில்லை.

1911 டிசம்பர் 12-இல் ஐந்தாம் ஜார்ஜ் தாமே டில்லிக்கு வந்தார். வந்தவருக்கு அங்கே முடிசூட்டுவது யார்? இங்கிலாந்தின் மகுடத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாதென்பது விதி; ஆகவே இந்த ஒருநாள் வைபவத்துக்காகவே புதிய மகுடம் ஒன்று செய்யப்பட்டது. கிறிஸ்தவ மதகுரு சூட்டினால் ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் என்ன சம்பந்தம்? ஹிந்துவோ முஸ்லிமோ சூட்டினால் இங்கிலாந்தில் அதை யார் ஒப்புவார்கள்? முடிவில் அரசர் மகுடத்தை முன்னதாகவே அணிந்துகொண்டு மண்டபத்துக்கு வந்து அமர்ந்தார். சூட்டும் சடங்கே நடைபெறவில்லை. அந்த மகுடம் மறுபடி எவர் தலையிலும் ஏறாமல் லண்டன் கோட்டையில் காட்சிப்பொருளாக இருக்கிறது. 1947 ஆகஸ்டில் நாடு கைவிட்டுப் போன பின்னும் ஆறாம் ஜார்ஜிடம் பட்டம் மட்டும் பத்து மாதங்கள் தங்கியிருந்தது. 1948 ஜூன் 22-ஆம் தேதிப் பிரகடனத்தால் அதுவும் நீக்கப்பட்டது.

இன்று உலகில் சக்கரவர்த்தி என்னும் பதவியில் ஒருவரே எஞ்சியிருக்கிறார், அவர் ஜப்பானியர். அங்கே முடி சூட்டும் சடங்கு என்று ஒன்று கிடையாது. வாள், மணி, ஆடி ஆகிய மூன்று புனிதப் பொருள்களில் வாளும் மணியும் கைமாறுவதே ஆட்சி கைமாறியதற்கு அடையாளம். சூரிய தேவியின் வழித்தோன்றலுக்கு மானிடர் யாரும் எதையும் கொடுக்க வேண்டுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. 1889-இல் நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் வேண்டியிருந்தபோது, அதைக்கூட மெய்ஜி சக்கரவர்த்தியே தம் பிரஜைகளுக்கு வழங்கும் கொடையாகப் பிரதம மந்திரியின் கையில் கொடுத்தார். நான் இதுகாறும் சொல்லிவந்த கேள்வி அந்த நாட்டில் மாத்திரம் எழவேயில்லை என்று எண்ணலாம். மகா யுத்தத்தில் தோற்றபின், 1947 மே மாதம் அமலுக்கு வந்த புதிய அரசியல் சட்டம் அதன் முதற் பிரிவிலேயே, சக்கரவர்த்தியின் ஸ்தானம் ராஜ்யாதிகாரம் படைத்த மக்களின் விருப்பத்தினின்றே பிறக்கிறது என்று விதித்துவிட்டது. ஏழு பிரிவு தள்ளி இன்னொரு விதி இருக்கிறது. சட்டம் படிப்பவர்கள் அதைப் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். பார்லிமெண்டின் அனுமதி இல்லாமல் சக்கரவர்த்தியின் குடும்பம் எவரிடமிருந்தும் சொத்து எதையும் பெறுதல் கூடாது. எவருக்கும் எதையும் கொடுத்தலும் கூடாது.